நைல் நதிக்கரைச் சாலையில் அப்பாவும் நானும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (புவியமைப்பியல்)

பயணக் கட்டுரை என்றால் போய் வந்தவர் எழுதுவது வழக்கம். நான் எழுதப் புகுவதோ போகாத பயணம். எங்கள் தெருவில் இதுவரை ஒருவரும் கடவுச்சீட்டைக் கையால் தொட்டதில்லை. ஆயினும் கெய்ரோ முதல் அபு சிம்பல் வரை ஏறக்குறைய 1150 கிலோமீட்டர்ச் சாலையை என் தந்தையாரும் நானும் பதினோர் இரவுகளில் கடந்தோம். நம் கல்லூரி நூலகத்து நிலப்படத் தொகுப்பும், எகிப்தைப் பற்றிய இரண்டு பழைய நூல்களும், அலைபேசியில் தெரியும் வான்படமுமே எங்கள் வாகனம். ஓட்டுநர் அவர், கிளீனர் நான்.

தந்தையார் உண்மையிலேயே லாரி ஓட்டுநர்தாம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கருங்கற் பாளங்களைச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். சென்ற ஐப்பசியில் பாளத்தைக் கட்டும்போது சங்கிலி நழுவி அவருடைய இடக்கால் முறிந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக வீட்டில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் தங்கியறியாத மனிதர், காலில் கம்பி வைத்துக்கொண்டு மூன்று மாதம் கட்டிலில் கிடந்தார். பேசுவது குறைந்தது. உண்பது குறைந்தது. அந்த நாள்களில்தான் வகுப்புக் கருத்தரங்குக்காக ‘நூபிய மணற்கல்’ என்ற பாறையைப் பற்றி நான் படித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன கண்ணு படிக்கிற?” என்று கேட்டார்.

“எகிப்துல ஒரு கல்லுங்கப்பா. அதுலதான் கோயிலெல்லாம் கட்டியிருக்காங்க.”

“அங்க போக ரோடு எப்படி?”

இப்படித்தான் புறப்பட்டோம்.

கட்டிலில் படுத்துக்கொண்டு போகிற பயணம்தானே, நினைத்த இடத்தில் இறங்கலாம் என்று எண்ணியிருந்தேன். அவர் ஒப்பவில்லை. “போறதுன்னா ஒழுங்காப் போகணும்” என்றார். காகிதம் என்ன, டீசல் எங்கே, இரவு வண்டியை எங்கே நிறுத்துவது என்று வரிசையாகக் கேட்டார். வெளிநாட்டு வண்டியை ஒரு நாட்டுக்குள் கொண்டுபோய் விற்றுவிடாமல் இருக்கப் பிணைத்தொகை கட்டி ‘கார்னே’ என்னும் சுங்க ஏட்டைப் பெற வேண்டும். எகிப்துக்குள் நுழைந்ததும் அந்நாட்டுத் தற்காலிக எண்பலகையையும் மாட்ட வேண்டும். இவற்றைச் சொன்னபோது முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. காகிதம் கேட்கிற ஊர் அவருக்குப் புரிந்த ஊர் அன்றோ!

அந்த எண்பலகையிலும் வழிக்கற்களிலும் உள்ள எண்கள் நாம் எழுதுபவை அல்ல. அரபு வழக்கில் எழுதப்படுபவை. சுழியத்துக்கு ஒரு புள்ளி; ஐந்துக்கு ஒரு வட்டம்; ஆறோ நம் ஏழைப் போலிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் பத்து எண்களையும் ஒரே மாலையில் கற்றுக்கொண்டார். எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. தெலுங்கு, கன்னட, இந்திப் பலகைகளை எல்லாம் எழுத்துக் கூட்டாமல் படமாகவே பார்த்து ஊரைச் சொல்லிவிடுகிற கண் அது. பண்டை எகிப்தியரின் சித்திர எழுத்தைக் காட்டியபோது, “இதுல என்ன அதிசயம்? எனக்கு எல்லா எழுத்தும் இப்படித்தான்” என்றார்.

கெய்ரோவை விரைந்து கடந்தோம். பிரமிடுகளைப் பற்றி உலகமே எழுதியாயிற்று. தெற்கே திரும்பிய பிறகுதான் அந்த நாட்டின் அமைப்பு விளங்குகிறது. வான்படத்தில் பார்த்தால் மஞ்சள் துணியில் ஓர் ஓரம் போட்டது போல, ஆற்றின் இருகரையிலும் பச்சைக் கோடு. அதற்கப்பால் ஒரு புல்லும் இல்லை. நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்குள்ளேயே நெருக்கியடித்து வாழ்கிறார்கள். கரும்பு, கோதுமை, பேரீச்சை, கழுதை வண்டி, சுண்டக் காய்ச்சிய பாலில்லாத் தேநீர். இரவில் முகப்பு விளக்கை அணைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள் என்று பயணிகள் எழுதியிருப்பதை வாசித்ததும் அப்பா பகலில் மட்டுமே ஓட்டுவதென்று முடிவு செய்தார்.

எங்களைப் போலக் கற்பனையில் அல்லாது மெய்யாகவே இவ்வழி போகிறவர்கள் உண்டு. ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு ஆப்பிரிக்காவின் தென்முனை வரை தரைவழியே செல்வோர், பழைய லாரிகளில் இருக்கை பொருத்தி, இருபது பேரை ஏற்றிக்கொண்டு, ஆற்றங்கரையில் கூடாரமடித்துச் சமைத்துண்டு போவார்கள். “லாரி பாடியில உக்காந்து போகக் காசு கொடுக்கிறாங்களா?” என்று அப்பா இரண்டு முறை கேட்டார். பிறகு நெடுநேரம் சிரித்தார். கால் முறிந்த பின் அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டோம். அம்மா அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கெனா நகரத்துக்கு அருகே தெண்டேராவில் ஹதோர் என்னும் பெண் தெய்வத்தின் கோயில். அதன் மேற்கூரையில் இருந்த வானமண்டலச் சிற்பத்தை 1821-இல் அரத்தாலும் வெடிமருந்தாலும் பெயர்த்துப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயிலில் இருப்பது படி. “லோடு ஏத்தினது யாரு, பில்லு போட்டாங்களா?” என்றார் அப்பா. வரலாற்று மாணவர்கள் இதைவிடச் செறிவாகக் கேட்டுவிட முடியுமா?

கெனாவுக்கும் லக்சருக்கும் இடையில் கிஃப்த் என்றொரு சிற்றூர் உண்டு. பண்டைக் கிரேக்கர் அதைக் கொப்டோஸ் என்றனர். சுற்றுலா வண்டிகள் அங்கே நிற்பதில்லை. நாங்கள் ஓர் இரவு முழுவதும் நின்றோம். அங்கிருந்து கிழக்கே ஒரு பாதை பிரிந்து, ஹம்மாமாத் என்னும் வறண்ட பள்ளத்தாக்கின் வழியே செங்கடலுக்குப் போகிறது. அப்பாதை முடியும் குசைர் துறைமுகத்தின் பழைய மேட்டில்தான் தமிழி எழுத்தில் ‘பானை ஒறி’ என்று பொறித்த ஓடு கிடைத்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் நம் கரையிலிருந்து போன பொருள்கள் கப்பலிலிருந்து இறங்கி, ஒட்டகத்தின் மேலேறி, கிஃப்தில் மீண்டும் படகேறி அலெக்சாந்திரியா போயிருக்கின்றன. சரக்கு மாற்றும் இடம் என்றால் அங்கே இரவுக்கடை இருந்திருக்கும், சுமைகூலிச் சண்டை இருந்திருக்கும் என்பது அப்பாவின் துணிபு.

ஆனால் என்னை அவ்விடத்தில் கட்டிப்போட்டது வேறொன்று. உலகில் இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழைய புவியமைப்பியல் படம் அந்தப் பள்ளத்தாக்கைக் காட்டுவதே ஆகும். இத்தாலியின் தூரின் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் பாப்பிரசுத் தாள், ஏறக்குறைய கி.மு. 1150-இல், நான்காம் ராம்செஸ் மன்னன் கல் எடுக்க ஆள் அனுப்பிய காலத்தில் வரையப்பட்டது. ஒருவகைப் பாறை உள்ள குன்றுகளுக்குக் கருநிறம், வேறுவகைக்கு இளஞ்சிவப்பு, பொன் எடுக்கும் இடம், கிணறு, வேலையாட்களின் குடில்கள், நடுவே சாலை! அதே நிறம்தீட்டும் வேலையை நம் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் வாரந்தோறும் செய்கிறோம். நான் பாறையைப் பார்த்தேன். அப்பா சாலையைப் பார்த்தார். ஒரே தாளில் இருவருக்கும் வேலை இருந்தது. “உன் படிப்பு இவ்ளோ பழசா?” என்று கேட்டார். நான் எந்தப் பாடம் படிக்கிறேன் என்று அவர் கேட்டதே அன்றுதான். கல்லூரி என்பது அவருக்கு அதுவரை ஒரு கட்டடம், ஒரு பேருந்து அட்டை, ஆண்டுக்கு ஒரு கட்டண ரசீது.

அந்தக் கல்லெடுப்புக்குப் போனவர்கள் எண்ணாயிரத்துக்கும் மேல் என்று அங்கேயே ஒரு கல்வெட்டு சொல்கிறது. பதவி வாரியாக எல்லோரையும் எண்ணிவிட்டு, இறந்துபோய்ப் பட்டியலில் சேராதவர் 900 பேர் என்கிறது. இதை வாசித்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காலைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார்.

லக்சரில் இரண்டு இரவு. கர்னாக் கோயிலின் தூண் மண்டபத்தில் 134 தூண்கள். நடுவரிசையில் உள்ள பன்னிரண்டு ஏறக்குறைய 21 மீட்டர் உயரம். இவை எல்லாம் அளவுகள். எந்த நூலிலும் கிடைக்கும். லக்சர் கோயிலின் உச்சியில் ஒரு பள்ளிவாசல் இருப்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. கோயில் மண்ணில் புதைந்திருந்த காலத்தில் அந்த மண்மேட்டின் மேல் கட்டியது. பிறகு மண்ணை அகற்றியபோது பள்ளிவாசல் அந்தரத்தில் நின்றுவிட்டது. இன்றும் அதில் தொழுகை நடக்கிறது. அதற்குத் தெற்கே எஸ்னாவில் நேர்மாறு: கோயில் மண்டபம் தெருவுக்கு ஒன்பது மீட்டர் கீழே குழியில் இருக்கிறது. எட்ஃபுவில் ஹோரஸ் கோயிலின் கூரைமேலேயே ஊர்மக்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். 1860-களில் அவர்களை அகற்றி மணலை வாரிய பிறகுதான் முழுக் கோயிலும் வெளிப்பட்டது. எங்கே பார்த்தாலும் கோயிலின் மேல் வீடு, வீட்டின் கீழ் கோயில்.

கல் மாறுவதும் இவ்வழியில்தான். கெய்ரோ முதல் எஸ்னா வரை இருபுறக் குன்றும் சுண்ணாம்புக்கல். அதன் தெற்கே மணற்கல் தொடங்குகிறது. சில்சிலா என்னும் இடத்தில் ஆறு குறுகி இருபுறமும் மணற்கற் பாறை நெருங்கி நிற்கும். கர்னாக்கின் தூண்களுக்கும் எட்ஃபுவின் சுவருக்கும் கல் கொடுத்தவை அந்தக் குவாரிகள். வெட்டிய கல்லை அங்கேயே படகில் ஏற்றிவிடலாம். “ஆத்தங்கரையில குவாரி! லாரிக்காரன் பொழப்பு அங்க நடக்காது” என்றார் அப்பா.

அந்த ஆற்றுக்கும் ஓர் ஓட்டுநர் மதிக்கத்தக்க இயல்பு உண்டு. நைல் வடக்கு நோக்கி ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. வடக்கே போக ஓட்டத்தில் மிதந்தால் போதும். தெற்கே போகப் பாயை விரித்தால் போதும். இருபுறப் பயணத்துக்கும் எரிபொருட் செலவில்லை! பண்டை எகிப்தியர் தெற்கே போவதை எழுதப் பாய் விரித்த படகை வரைந்தார்கள். வடக்கே போவதற்குப் பாயில்லாப் படகு. இன்றும் அஸ்வானிலிருந்து ‘ஃபெலுக்கா’ என்னும் பாய்மரப் படகில் கோம் ஓம்போ நோக்கி இரண்டொரு நாள் மிதந்து வருவோர் உண்டு. மெத்தையைப் படகின் மேல்தளத்தில் விரித்துப் படுக்கிறார்கள். மாலையில் மணல்திட்டில் ஒதுங்கி நெருப்பு மூட்டுகிறார்கள். படகோட்டிகள் தாளம் தட்டிப் பாடுகிறார்கள். வண்டியை அஸ்வானில் விட்டுவிட்டு அந்தப் படகில் ஓர் இரவு படுப்பது என்று நாங்கள் திட்டமிட்டோம். வண்டியை யாரிடம் விடுவது என்பதில் அப்பாவுக்கு மனம் ஒப்பாமல், அந்த இரவு ஏறக்குறைய அதைப் பற்றிய பேச்சிலேயே கழிந்தது.

அஸ்வானில் கருங்கல் வந்துவிட்டது. அப்பாவின் எல்லைக்குள் நுழைந்துவிட்டோம். அங்குள்ள பண்டைக் குவாரியில் முற்றுப்பெறாத ஒற்றைக்கல் தூண் ஒன்று படுத்திருக்கிறது. நீளம் ஏறக்குறைய 42 மீட்டர். எடை 1000 டன்னுக்கு மேல். இரும்பு உளி இல்லாத காலத்தில் டோலரைட் என்னும் கடுங்கல் உருண்டைகளால் இடித்து இடித்தே மூன்று பக்கம் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அப்புறம் விரிசல் கண்டது. அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். “கல்லுக்குள்ள நரம்பு ஓடும் கண்ணு. தட்டிக் கேட்டாச் சில சமயம் சொல்லும், சில சமயம் சொல்லாது” என்றார். விரிசல், இணைப்பு, பிளவுத்தளம் என்று எங்கள் ஆசிரியர் மூன்று வகுப்பு நடத்திய பாடம் அது.

இனி எங்கள் பயணத்தின் கடைசிச் சாலை. அஸ்வானிலிருந்து அபு சிம்பல் ஏறக்குறைய 280 கிலோமீட்டர் வெறும் பாலை. நெடுங்காலம் சுற்றுலா வண்டிகள் விடியுமுன்னே காவல் வண்டிகளுடன் வரிசையாகவே இவ்வழி சென்றன. இடப்புறம் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் நாசர் ஏரி. 1960-இல் தொடங்கி 1970-இல் முடிந்த அஸ்வான் உயர் அணை தேக்கிய நீர் அது. சூடான் எல்லைக்குள்ளும் புகுந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீள்கிறது. அதன் அடியில் நூபியா என்றொரு நாடு கிடக்கிறது.

அபு சிம்பலின் கதையை நம்மில் பலர் அறிந்திருக்கலாம். இரண்டாம் ராம்செஸ் மன்னன் மணற்கற் குன்றைக் குடைந்து செய்த கோயில். வாயிலில் இருபது மீட்டர் உயரத்தில் அவனுடைய நான்கு உருவங்கள். நீர் உயரப்போகிறது என்றதும் 1960-இல் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. 1964 முதல் 1968 வரை வேலை நடந்தது. கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாளங்களாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, 65 மீட்டர் மேலே கொண்டுபோய் மறுபடி பொருத்தினார்கள். பாளம் ஒன்று 20 டன், பெரியது 30 டன். “என் வண்டிக்கு ஒரு லோடு” என்று அப்பா எழுந்து உட்கார்ந்தார். எப்படிக் கட்டினார்கள், எப்படித் தூக்கினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மணற்கல்லுக்குச் சங்கிலி போட்டால் விளிம்பு உதிர்ந்துவிடும். ஆகவே மேலே துளையிட்டு, இரும்புக் கம்பியை நட்டு, பிசின் ஊற்றி இறுக்கி, கம்பியைப் பிடித்துத் தூக்கினார்கள். முகப்பில் வெட்டுத் தெரியக் கூடாதென்று கையரத்தால் அறுத்தார்கள். இத்தாலியிலிருந்து சலவைக்கல் அறுப்போர் வந்தார்கள். ஆளில்லாப் பாலையில் அந்த வேலையாட்களுக்கென ஆற்றங்கரையில் ஒரு குடியிருப்பே எழுந்தது. ஆண்டுக்கு இருமுறை கருவறையில் விழும் கதிரொளி இடம் மாறிய பின்னும் விழுகிறது. பிப்ரவரி 22, அக்டோபர் 22. அந்த மீட்புப் பணிக்கு நம் இந்தியத் தொல்லியல் துறையும் 1961-62-இல் பி. பி. லால் தலைமையில் ஒரு குழுவை அனுப்பி, மூழ்கவிருந்த அஃபியே என்னும் ஊரில் அகழ்ந்தது.

“நல்ல வேலை” என்றார் அப்பா. “ஊர்க்காரங்க என்ன ஆனாங்க?”

நான் அந்தப் பக்கத்தை வாசித்தேன். 1963 அக்டோபர் தொடங்கிச் சில மாதங்களில் எகிப்தியப் பக்கத்து நூபியர் ஏறக்குறைய 50,000 பேர் படகிலும் இரயிலிலும் பேருந்திலும் வடக்கே கோம் ஓம்போவுக்கு அருகே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டனர். புறப்படுமுன் இடுகாட்டுக்குப் போய் முன்னோரின் கல்லறைகளில் விடைபெற்றார்கள். ஆற்றங்கரையில், சுவரில் பீங்கான் தட்டுகள் பதித்து, கோலம்போல் வண்ணம் தீட்டிய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு, ஆறு கண்ணில் படாத இடத்தில் வரிசை வீடுகள். பழைய ஊர்ப் பெயர்களையே புதிய ஊர்களுக்கு வைத்தார்கள். கோயில் அதே கரையில் சற்று மேலே ஏறிக்கொண்டது. குடிகள்தாம் ஆற்றைவிட்டே போனார்கள்.

அப்பா விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் அவர் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவருடைய அம்மாயி பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் இருக்கிறது. 1934-இல் அணை நிறைவுற்றபோது அம்மாயி சிறு பெண். நீர் நன்கு வற்றும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் நந்திச் சிலையும் பழைய மாதா கோயிலின் கோபுரமும் வெளியே தெரியும்; செய்தித்தாளில் படம் வரும்; நாமும் பார்த்திருக்கிறோம். சிறுவனாக இருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு அம்மாயி அங்கே போவாராம். எல்லோரும் நந்தியைப் பார்க்க, அம்மாயி வேறொரு பக்கம் வெறும் தண்ணீரைக் கைகாட்டி, “அங்கதான்டா சாமி நம்ம களம்” என்பாராம். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாயிக்கு அந்தத் தண்ணீருக்குள் ஒவ்வொரு வேலியும் தெரிந்திருந்தது.

அணை வேண்டாம் என்று நான் எழுதவில்லை. எங்கள் மாவட்டத்து மின்விளக்கும் தஞ்சையின் நெல்லும் அந்த நீரால் வந்தவை. எகிப்தின் வெள்ளமும் வறட்சியும் அஸ்வானால் அடங்கின. ஆனால் அபு சிம்பலின் ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண் உண்டு என்பதை வியந்து படித்த நான், அவ்வேலையில் கால்பங்காவது 50,000 பேரின் வீட்டுக்கும் நடந்ததா என்று கேட்கத் தோன்றாமலே இரண்டு நூல்களையும் முடித்திருப்பேன். கேட்டவர் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்.

மறுநாள் அப்பா திட்டத்தை மாற்றினார். அபு சிம்பலிலிருந்து ஏரியைக் கடந்து குஸ்துல் வழியே சூடானுக்குள் போகும் சாலை 2014-இல் திறந்தது. 2023-இல் அங்கே போர் மூண்டது. ஆகவே திரும்பத்தான் வேண்டும். திரும்பும் வழியில் கோம் ஓம்போவில் முதலைத் தெய்வத்தின் கோயிலுக்கு முன்னால் மற்ற வண்டிகள் நிற்கும். நாம் அங்கே நிற்காமல் கிழக்கே திரும்பி, நாசர் அல்-நூபா என்னும் அந்தக் குடியேற்ற ஊர்களுக்குப் போகிறோம் என்றார். டீசல் போதும், கணக்குப் போட்டுவிட்டார். கால் இன்னும் கிளட்சை முழுதாக அழுத்தவில்லை. மருத்துவர் மாசிக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்.

“ஒரு வீட்டுல நிறுத்தி டீ கேப்போம்” என்றார். “வயசானவங்க யாராவது இருப்பாங்க. உங்க ஊரு எதுங்கன்னு கேப்போம்.”

“புது ஊருக்கும் பழைய ஊருக்கும் ஒரே பேருதானுங்கப்பா. எதைச் சொல்றாங்கன்னு எப்படித் தெரியும்?”

“எந்தப் பக்கம் கை காட்டுறாங்கன்னு பாரு” என்றார்.